கொழுந்து விலையிலிருந்து உலகத்தைப் படிப்பது எப்படி? நாலு சனிக்கிழமை வகுப்புக்கு யோசனை தேவை

தலவாக்கலை வாசகர் கேட்டது:

வணக்கம். தோட்ட வாசிகசாலை ஒன்றில் சனிக்கிழமை வகுப்புக்குப் பாடம் தயாராகிறது. பதினைந்து பேர். பாதி உயர்தரம் எழுதப்போகிறவர்கள், மீதி மலையில் கொழுந்தெடுக்கிற, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்கிற இளசுகள். நாலு சனிக்கிழமை, தலா ஒன்றரை மணித்தியாலம். கையில் சார்ட் தாள், மார்க்கர், இரண்டு ஃபோன்.

தலைப்பு: மாறிக்கொண்டே இருக்கிற உலகத்தை முழுசாகப் பார்ப்பது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் செய்தி எல்லாருக்கும் தெரியும், ஒரு செய்திக்கும் அடுத்ததுக்கும் நடுவில் என்ன இருக்கு என்பதுதான் தெரியாது. "டொலர் ஏறினா தேயிலைக்கு நல்லது" என்று ஒருத்தர். "அப்போ 2022ல ஏன் மாவு வாங்க அல்லாடினோம்" என்று இன்னொருத்தர். அதோடு "எல்லாம் அரசியல்தான்" என்று பேச்சு படுத்துவிடும்.

மூன்று கேள்வி. எங்கே தொடங்குவது? உலகம் பூராவையும் கொண்டுவந்து கொட்டாமல் எங்கே நிறுத்துவது? விளங்கிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

பெரட்டுக்களம்:

டீச்சரா சேரா தெரியாது, மன்னிக்கணும். உலகத்தில் தொடங்காதீங்க. ஒரு கிலோ தேயிலைத் தூளில் தொடங்குங்க.

முதல் சனிக்கிழமைக்கு வெறும் வகுத்தல் கணக்குப் போதும். கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ 600 ரூபாய், ஒரு டொலர் 200 ரூபாய் என்று வைங்க. தூள் மூன்று டொலர். டொலர் 360 ஆகிறது. உலகத்தில் ஒருத்தனும் ஒரு சதம் கூட்டிக் கொடுக்கவில்லை, ஆனால் அதே மூன்று டொலர் தூள் இப்போது 1080 ரூபாய். எண்கள் வசதிக்காக எடுத்தவைதான், ஆனாலும் 2022க்குக் கிட்டத்தில்தான் இருக்கு. அந்த மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது.

இப்போது அடுத்த வரியில் சம்பளத்தை எழுதச் சொல்லுங்க. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1000 ரூபாய். 200ஆல் வகுத்தால் 5 டொலர், 360ஆல் வகுத்தால் 2.78. மூன்றாவது வரியில் கோதுமை மா. நாட்டில் கோதுமை விளைவதில்லை, ஒவ்வொரு மணியும் டொலர் கொடுத்து வருவது. போதாக்குறைக்கு 2022 பெப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி உலகக் கோதுமை விலையையும் ஏற்றிவிட்டது. மூன்று வரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பார்த்தால் உங்க வகுப்புச் சண்டைக்கு விடை அங்கேயே கிடக்கும்: விற்கிறது டொலரில், சாப்பிடுகிறது டொலரில், சம்பளம் மட்டும் ரூபாயில் அசையாமல் நிற்குது.

வகுப்பில் சிறுதோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கணக்கு. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 4.65 கிலோ கொழுந்து வேணும். விற்பனைப் பணத்தில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது கணிப்பு முறை. தூள் 1200 ரூபாய் என்றால் 1200 × 0.68 = 816. அதை 4.65ஆல் வகுத்தால் கிலோ கொழுந்து சுமார் 175 ரூபாய்.

இரண்டாம் வாரம் பெட்டியும் அம்பும். ஒரே விதி: பெட்டிக்குள் எழுதுகிற எதுவும் "கூடுது" அல்லது "குறையுது" என்று சொல்லக்கூடியதாக இருக்கணும். "கொழுந்து விலை" சரி. "அரசியல்", "உலகமயமாதல்", "மேலிடம்" எதுவும் பெட்டிக்குள் வரக்கூடாது. இந்த விதியை முதல் பத்து நிமிஷத்தில் இறுக்காவிட்டால் தாள் முழுக்கப் பெரிய சொற்கள்தான் மிஞ்சும். ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்றால் அம்பில் கூட்டல் குறி, ஒன்று கூடினால் மற்றது குறையும் என்றால் கழித்தல் குறி. விளைவு தெரிய நாளாகும் என்றால் அம்பின் குறுக்கே இரண்டு கோடு போட்டு எத்தனை வாரம் என்று பக்கத்தில் எழுதணும்.

அம்புகள் சுற்றி வந்து தொடங்கின பெட்டிக்கே திரும்பினால் அது வட்டம். வட்டத்தில் கழித்தல் குறிகளை எண்ணுங்க. இரட்டைப்படை அல்லது ஒன்றுமே இல்லை என்றால் தன்னைத்தானே பெருக்குகிற வட்டம். ஒற்றைப்படை என்றால் தன்னைத்தானே அடக்குகிற வட்டம்.

எங்கே நிறுத்துவது என்றால், பன்னிரண்டு பெட்டி. பதின்மூன்றாவது வேணும் என்கிறவர் பழைய பெட்டி ஒன்றை அழிக்கணும், எதை, ஏன் என்று வாதாடி. பாதிப் படிப்பு அந்த வாதாட்டத்தில்தான் இருக்கு.

கவ்வாத்துக்கத்தி:

மேலே சொன்னது சரி. ஆனால் "குறுக்கே இரண்டு கோடு" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். மூன்றாம் சனிக்கிழமை முழுவதையும் அந்த இரண்டு கோட்டுக்கே கொடுக்கலாம். உலகம் மாறுகிறது என்று சொன்னால் போதாது. எது எந்த வேகத்தில் மாறுகிறது என்று பிரிக்கத் தெரியணும்.

சார்ட் தாளை ஐந்து நீளப் பட்டியாகப் பிரியுங்கள். மேல் பட்டி வாரம்: செவ்வாய், புதன் ஏல விலையும் நாணய மாற்று வீதமும் இங்கே. அடுத்தது பருவம்: ஜனவரி முதல் மார்ச் வரை வரண்ட காற்றடித்து டிம்புள, நுவரெலியா பக்கத்தில் நல்ல தரம் வரும் காலம். அதே வேலை ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மூன்றாவது ஆண்டு: உரம். நாலாவது ஐந்தாண்டு: கவ்வாத்துச் சுற்றும் (செடியை வெட்டிவிடுவது) மீள்நடுகையும். கடைசிப் பட்டி தலைமுறை: மேல்மண், பிள்ளைகள் தோட்டத்தில் தங்குவதா போவதா என்ற முடிவு.

மீள்நடுகையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். பழைய செடியைப் பிடுங்கினதும் புதுக் கன்று நடமுடியாது. மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு மண்ணைத் தேற்ற 18 முதல் 24 மாதம் ஆகும். பிறகு நட்டு, வளைத்து, வெட்டிப் படர்த்தி, ஒழுங்காகக் கொழுந்தெடுக்க இன்னும் இரண்டு மூன்று வருஷம். இன்று விலை நல்லா இருக்கு என்று பிடுங்குகிறவர் இன்றைய விலைக்கு விற்கப்போவதில்லை. பணம் கையில் இருக்கிற வருஷத்தில் விலை உச்சத்தில் இருக்கும், பிடுங்க மனம் வராது. விலை விழுந்த வருஷத்தில் பிடுங்கலாம், பணம் இருக்காது. மலைகளில் கிழட்டுச் செடி ஏன் இத்தனை என்பதற்கு இந்த ஒரு தாமதமே பெரும்பங்கு விளக்கம்.

வேகத்தைப் பிரிக்காவிட்டால் என்ன தப்பு வரும் என்பதற்கு உரத் தடையைவிட நல்ல பாடம் இல்லை. இரசாயன உர இறக்குமதியை 2021 மே மாதத்தில் நிறுத்தினார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் தளர்த்தினார்கள். தேயிலை உற்பத்தி 2020இல் ஏறத்தாழ 278 மில்லியன் கிலோ, 2021இல் 299, 2022இல் 251. வருஷத்தைச் சொல்லாமல் இந்த மூன்று எண்ணையும் கரும்பலகையில் எழுதி, தடை எந்த ஆண்டு என்று கேளுங்கள். பெரும்பாலோர் 251ஐக் காட்டுவார்கள். தடை வந்த ஆண்டில் உற்பத்தி கூடியிருக்கிறது! மண்ணில் எஞ்சிய உரமும் வேரில் சேர்ந்த மாச்சத்தும் செடியைக் கொஞ்சகாலம் தாங்கும். அந்த ஆண்டின் நடுவில் "பார்த்தீங்களா, ஒன்றும் ஆகல்ல" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, தப்பான பட்டியைப் பார்த்தார்.

உடனே அடுத்த எச்சரிக்கையும் சொல்லணும். 2022 வீழ்ச்சியை முழுக்க உரத்தின் தலையில் கட்டக்கூடாது. அந்த ஆண்டில் டீசல் இல்லை, மின்வெட்டு, உரம் வந்த பிறகும் விலை எட்டாத உயரம். ஒரு விளைவுக்கு ஒரே அம்பு வந்து சேர்ந்தால் அந்தப் படத்தைச் சந்தேகிக்கணும்.

தலவாக்கலை வாசகர்:

மிக்க நன்றி. டீச்சர்தான். முன்னோட்டமாக ஒரு வட்டம் போட்டுப் பார்த்தது இது (ரவுண்டு என்பது ஒரே மலையில் மறுபடி கொழுந்தெடுக்க வரும் இடைவெளி):

தொழிலாளர் எண்ணிக்கை → கொழுந்தெடுக்கும் ரவுண்டு நாட்கள் (கழித்தல்) → முற்றிய இலை (கூட்டல்) → தூளின் விலை (கழித்தல்) → தொழிலாளர் சம்பளம் (கூட்டல்) → கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறவர்கள் (கழித்தல்) → தொழிலாளர் எண்ணிக்கை (கழித்தல்).

நாலு கழித்தல், இரட்டைப்படை. ஆக, பெருகுகிற வட்டம். ஆள் குறைய, ஏழு நாள் ரவுண்டு பத்து, பன்னிரண்டு நாளாகி, இலை முற்றி, விலை இறங்கி, சம்பளம் இறங்கி, இன்னும் ஆள் குறையும். சரியா?

கணக்கப்பிள்ளை:

எண்ணிக்கை சரி டீச்சர். ஒரு அம்பு பொய்.

"தூளின் விலை கூடினால் சம்பளம் கூடும்" என்று போட்டிருக்கிறீங்க. முதல் வாரக் கணக்கையே எடுத்துப் பாருங்க. 2022இல் ஏல விலை ரூபாயில் ஏறத்தாழ இரட்டிப்பு. நாட்சம்பளம் 2021இல் 1000, 2022இல் 1000, 2023இலும் 1000. 1350 ஆனது 2024இல். விலைக்கும் சம்பளத்துக்கும் நடுவில் அம்பு இல்லை, ஒரு மதகு இருக்கு. அந்த மதகு சம்பள நிர்ணய சபை, பேச்சுவார்த்தை, வர்த்தமானி, வழக்கு. திறப்பது சில வருஷத்துக்கு ஒரு தடவை. விலை ஏறும்போது மூடிக்கிடந்து, விலை இறங்கும்போது மட்டும் "உலகச் சந்தை சரியில்லை" என்று காரணம் சொல்லப்படுகிற மதகு அது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முழுசாகப் பார்க்கிறோம் என்று சொல்லிப் போடுகிற படங்கள் பலதிலும் மனுஷன் எடுத்த முடிவு இயற்கை விதி மாதிரி ஓர் அம்பாக மாறிவிடுகிறது. மழை பெய்தால் ஆறு பெருகும் என்பது ஒரு அம்பு. விலை கூடினால் சம்பளம் கூடும் என்பது யாரோ ஒருத்தர் கையெழுத்து வைத்தால்தான் நடக்கும். இந்த இரண்டாவது வகையை வேறு நிறத்தில் போடச் சொல்லுங்க, சிவப்பில். ஒவ்வொரு சிவப்பு அம்பின் பக்கத்திலும் யார் முடிவெடுக்கிறார், கடைசியாக எப்போது எடுத்தார் என்று எழுதணும். பிள்ளைகள் "எல்லாம் அரசியல்" என்றது முழுக்கத் தப்பில்லை பாருங்க. அரசியல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கு என்று காட்டத் தெரியாமல் சொன்னாங்க, அவ்வளவுதான்.

உங்க வட்டத்தை அப்படியே தூக்கிப்போட வேண்டாம். சம்பளப் பெட்டியை இரண்டாக உடைங்க. ஒன்று நாட்சம்பளம், அதற்கு விலையிலிருந்து சிவப்பு அம்பு, தாமதம் வருஷக்கணக்கில். இன்னொன்று ஒருத்தர் மாதம் கையில் வாங்குவது. இது மாதா மாதம் மாறும். குறித்த கிலோ எடுக்க முடியாமல் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தால் குறையும், மேலதிகக் கிலோவுக்குக் காசு கிடைத்தால் கூடும். ரவுண்டு நீண்டு மலை முற்றிப்போனால் நல்ல கொழுந்து கிலோக்கணக்கில் எடுப்பது கஷ்டம். ஆக, உங்க வட்டம் விலையைச் சுற்றிப் போகாமல், கிலோ வழியாக, குறுக்கு வழியில் மூடுது. அந்தச் சின்ன வட்டம் பெரியதைவிட வேகமானது.

மழைமானி:

ஒருத்தரும் மண்ணைத் தொடவில்லையே. கொழுந்தும் டொலரும் மட்டும் போட்டால் அது முழுசான படம் இல்லை.

டீச்சரின் "தொழிலாளர் எண்ணிக்கை" பெட்டியிலிருந்து இன்னொரு அம்பு இழுங்கள்: கான் (மழைநீர் வடிகால்) துப்புரவு. ஆள் குறைந்தால் இருக்கிற ஆளைக் கொழுந்துக்குத்தான் அனுப்புவார்கள். கான் வெட்டுவதும் தூர் எடுப்பதும் அடுத்த மாதம், கொந்தரப்புக்கு (ஒப்பந்தத்துக்கு) விடுவோம் என்று தள்ளிப்போகும். தூர்ந்த கானில் ஓடமுடியாத தண்ணீர் சரிவுக்குள் இறங்கும். கீழே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கும். ஆள் போனதுக்கும் சுவர் வெடித்ததுக்கும் நடுவில் இரண்டே பெட்டிதான், ஆனால் இடைவெளி பல வருஷம். அதனால் யார் கண்ணிலும் படாது.

மண்சரிவுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மழை வரம்புகளை வகுப்பில் மனப்பாடமே பண்ண வைக்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற்றம். இதிலும் இரண்டு வேகம் இருக்கு. மழை மணிக்கணக்கில், மண்ணின் ஈரம் வாரக்கணக்கில். மூன்று வாரமாக ஊறின சரிவுக்கும் காய்ந்து கிடந்த சரிவுக்கும் ஒரே 80 மில்லிமீற்றர் ஒன்றல்ல. ஆகவே எண் வரம்புக்குக் கீழே இருந்தாலும் தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், கம்பம், திடீரென்று இறுகின கதவு, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லாந்தை மீரியபெத்தையும், 2025 நவம்பர் டிட்வா புயலும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவைதான். புதுசாக விளக்க வேண்டியதில்லை.

மழைமானியை நீங்களே செய்யலாம். வளைவு நெளிவு இல்லாத நேர்ச்சுவர் இரண்டு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, தோள் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டுங்கள். மேல் துண்டைக் கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அங்கேதான் எல்லாரும் தப்புப் பண்ணுவது. சரளைக்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்குமளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து, அதிலிருந்து மில்லிமீற்றர் அளவுநாடா ஒட்டுங்கள். வாயும் உடலும் ஒரே விட்டம் என்பதால் ஏறின உயரமே மழை அளவு. மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நல்லது. தினம் காலை 8.30க்கு வாசியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் 24 மணித்தியால அளவும் அந்த நேரக் கணக்குத்தான், ஒப்பிட வசதி.

ஒரு சின்ன சேர்க்கை. அட்டன் மேட்டின் ஒரு பக்கத்துத் தண்ணீர் கொத்மலை வழியாக மகாவலிக்கும், பொல்கொல்லையில் திரும்பி வடக்கு வயல்களுக்கும் போகிறது. மறுபக்கத்துத் தண்ணீர் காசல்ரீ, மவுஸ்ஸாகலை வழியாகக் களனிக்கும், அம்பத்தளையில் கொழும்பின் குடிதண்ணீருக்கும். லீக்ஸ் பாத்தியில் கரையும் மண் எந்த அணையில் போய்ப் படியும் என்று கேட்டு வரைபடத்தில் விரலால் போகச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் போதும்.

பதுளை ரயில்:

தூரத்து அம்புகளைப் பற்றி. பெரிய நாடுகளின் பெயரை அடுக்கினால் உலகப் பார்வை வந்துவிடாது. ஒரு அம்பு எந்த வழியாக நம்ம மலைக்கு வந்தது என்று கணு கணுவாகக் காட்டணும்.

2017 டிசெம்பரில் ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதே சமயம் இங்கே, அடுத்த மாதத்திலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக இருந்தது, ரஷ்யா அஸ்பெஸ்டஸ் விற்கிற நாடு. சில நாளில் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிவைக்கப்பட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டு, தூள், தலைக்கு மேலே கூரைத்தகடு. கணக்கப்பிள்ளை சொன்ன சிவப்பு அம்புக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது.

மறுமுனைக்கு கிளைபோசேட் என்ற களைகொல்லி. 2015இல் தடை. புல் நின்றபாடில்லை, ஆள் பற்றாக்குறை, ஆகவே வேறு களைகொல்லிகள் தோட்டத்துக்குள் வந்தன. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் ஜப்பானின் வரம்பைத் தாண்டிப் பொதிகள் சிக்கலுக்குள்ளாயின. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. ஒரு பெட்டியை மூடினால் அதற்குப் பின்னால் இருந்த தேவை எந்தப் பக்கத்தால் வழியும் என்று முதலிலேயே கேட்கப் பழக்குங்கள்.

எண்ணெய் விலை: ஈராக், ஈரான், ரஷ்யா எல்லாம் எண்ணெய் விற்றுத் தேயிலை வாங்குகிறவர்கள். 2014, 2015இல் எண்ணெயும் ரூபிளும் விழ, இங்கே ஏலமும் விழுந்தது. ஈரானுக்கு நாம் தரவேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனை மாதம் 5 மில்லியன் டொலர் தேயிலையாகக் கழிப்பதென்று 2021 டிசெம்பரில் ஒப்பந்தம். ஆனால் கவனம்: அந்தப் பக்கம் விரும்புவது பெரும்பாலும் பெரிய இலைத் தூள், அது இரத்தினபுரி, காலிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. மேற்காசியச் செய்தி முதலில் அடிப்பது அங்கே. 1200 மீற்றருக்கு மேலே விளைகிற நம்ம பி.ஓ.பி., பி.ஓ.பி.எப். என்ற சிறு இலைத் தூள் வகைகள் வேறு வாங்குநர்களையும் நம்பி இருக்கு. "தேயிலை விலை" என்று ஒரே பெட்டி போடாமல் உயர்நிலம், மத்திய நிலம், தாழ்நிலம் என்று பிரியுங்கள். தரகர்களின் வாராந்த அறிக்கையிலும் அப்படித்தான் பிரித்திருக்கும். "கென்யாவில் வறட்சி, நமக்கு யோகம்" என்பதும் இதே வகைத் தப்பு. அவர்களுடையது பெரும்பாலும் தேயிலைப் பைக்குப் போகிற, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. தூள், நம்முடையது பெரும்பாலும் பழைய உருட்டு முறை. அம்பு உண்டு, மெல்லிசு.

மூன்றாவது கேள்விக்கு, எழுத்துப் பரீட்சை வேண்டாம். ஒரு சி.ஆர். கொப்பி. நாலு பத்தி: திகதி, என்ன நடக்கும், எப்போதைக்குள், எந்த அம்பு வழியாக. உதாரணமாக, "இந்த வாரம் டொலர் 2 வீதம் ஏறியது, மூன்று ஏலத்துக்குள் உயர்நில சராசரி ரூபாயில் ஏறும்." ஆறு வாரம் கழித்துத் திறந்து பார்க்கணும். நடந்ததா என்பதோடு நிறுத்தாமல், நடந்தது அந்த அம்பினாலா வேறொன்றாலா என்றும் கேட்கணும். ஜனவரி என்றால் தரப் பருவமே விலையை ஏற்றியிருக்கலாம். பென்சிலில் எழுத விடாதீங்க. நடந்து முடிந்த பிறகு எல்லாருமே "அப்பவே நினைச்சேன்" என்பார்கள்.

தலவாக்கலை வாசகர்:

சிவப்பு அம்பும் கொப்பியும் கட்டாயம் வரும். நாலு வாரத்துக்குள் ஆறு வாரச் சோதனை முடியாதே, ஐந்தாவதாக ஒரு சனிக்கிழமையைப் பத்தாம் வாரத்தில் வைக்கலாம் என்று யோசனை. மழைமானி அண்ணே, ஒரு சந்தேகம். போத்தலில் பூச்சியக் கோடு வரை ஊற்றின தண்ணீர் வெயிலில் வற்றினால்?

மழைமானி:

வற்றும், தங்கச்சி. ஜனவரி, பெப்ரவரி வெயிலில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர்கூட இறங்கலாம். தினமும் வாசித்து முடித்ததும் கோடு வரை திரும்பத் தண்ணீரை நிரப்பிவிடுங்கள், கூடியிருந்தால் கோடு வரை இறங்க வெளியே ஊற்றிவிடுங்கள். அதைவிட நல்ல வழி, தண்ணீருக்குப் பதில் சரளைக்கு மேலே சீமெந்துக் கூழ் ஊற்றி மட்டமாக இறுக விடுவது. பிறகு பூச்சியம் அசையாது, காற்றுக்கும் போத்தல் சாயாது.